குரங்கு வடை தின்ற கதை

கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். காரவள்ளி அடிவாரத்தில் கிளம்பும் பஸ் சோளக்காடு வரைக்கும் திரும்பிக்கொண்டேதான் இருக்கும். பக்கத்து சீட்டுக்காரரிடம் நாவலைப் பற்றியெல்லாம் பேச முடியாது. அவர் ஒரு கையில் எலுமிச்சம்பழமும் இன்னொரு கையில் கேரி பேக்கும் வைத்துக்கொண்டு விதியே என்று உட்கார்ந்திருப்பார். எதைச் சொல்வதானாலும் அடுத்த வளைவுக்குள் முடித்துவிட வேண்டும். மேலே போய்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற என்னைப் போன்றவர்களுக்குக் குறுங்கதையின் இலக்கணத்தை அந்தச் சாலையே கற்றுக்கொடுத்துவிடும்.

மலைப் பிள்ளைகள் பொறுமைசாலிகள். ஆனால் 'இலக்கியம்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். இலக்கியம் என்றால் அவர்களுக்கு மனப்பாடப் பகுதி; அடி பிறழ்ந்தால் மார்க் போய்விடும். எனவே நான் அந்தச் சொல்லையே எடுப்பதில்லை. "ஒரு நிமிஷக் கதை ஒண்ணு சொல்றேன்" என்பேன். ஒரு நிமிடம்தானே, தொலைகிறது என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கமும் இந்த வழியில்தான் போகிறது. சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. மலைப் பிள்ளைகளுக்கு 'நட'வில் மட்டும் தனிப் பயிற்சி வேண்டாம். பள்ளிக்கூடம் வந்து சேரவே அதைத்தான் செய்கிறார்கள்.

உலகப் புகழ்பெற்ற ஆறு சொல் கதை ஒன்று உண்டு. ஹெமிங்வே எழுதியது என்பார்கள். அதற்குச் சான்று கிடையாது. குழந்தையின் காலணி விற்பனைக்கு, ஒருமுறைகூடப் போடாதது என்று ஒரு விளம்பரம். அவ்வளவுதான் கதை. இலக்கியக் கூட்டங்களில் இதைச் சொன்னால் பெரியவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். இங்கே சொன்னதும் முன்வரிசைப் பையன் ஒருவன், "வாங்கி வெச்சிருப்பாங்க, அதுக்குள்ள கால் பெருசாயிருக்கும் சார். சந்தையில வித்தா பாதிக் காசாவது தேறும்" என்றான். ஒரு குழந்தையைச் சாகடித்துவிட்டுத்தான் அந்தக் கதையை ரசிக்க முடியும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, அவன் அதைப் பிழைக்கவைத்து ஷூவுக்கும் விலை பேசிவிட்டான். கதையில் அவன் சொன்னதற்கு எதிராக ஒரு சொல்லும் கிடையாது.

அடுத்து, பாட்டி வடை சுட்ட கதை. ஆளுக்கு ஒரு பாத்திரத்தை மாற்றலாம் என்றேன். ஒரு சிறுமி காக்கையைத் தூக்கிவிட்டுக் குரங்கைப் போட்டாள். வளைவுக்கு வளைவு வண்டியை மறித்துத் தின்பண்டம் பறிக்கும் குரங்குகளைத் தினமும் பார்க்கிறவள் அவள். குரங்கு வடையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறியது. நரி வந்து, "நீ அழகா இருக்கே, ஒரு பாட்டுப் பாடு" என்றது. இந்த இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள்.

"வடை கீழ விழாது சார்."

"ஏன்?"

"குரங்கு கன்னத்துக்குள்ள அதக்கிக்கும். பாடுனாலும் விழாது."

"அப்போ நரி?"

"பாட்டைக் கேட்டுட்டுப் போக வேண்டியதுதான்."

ஒரு பாத்திரத்தை மாற்றினால் கதையின் முடிவே மாறிவிடும் என்பதை விளக்க, கல்லூரியில் எனக்கு ஒரு பருவம் முழுக்கப் பாடம் எடுத்தார்கள். இவள் ஒரு வடையில் முடித்துவிட்டாள்.

பிள்ளைகளின் ஊர்க்காரனான, கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை விட்டுவிட முடியுமா? செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடிப் பதினெட்டையொட்டி விழாவும் நடக்கிறது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் அவனுடைய வேட்டையைப் பாடியிருக்கிறார். ஒரே அம்பு. யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைப் புரட்டி, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது.

"எல்லாம் ஏன் சார் வரிசையில நின்னுச்சு? ரேஷன் கடையா?" என்று ஒரு குரல்.

மிச்சத்தையும் சொன்னேன். வேட்டைக்காரன் யாரென்று தெரியாத பாணர்கள் அவன் முன்னாலேயே ஓரியின் புகழைப் பாடுகிறார்கள். பாட்டில் தன் பெயர் வந்ததும் அவன் நாணிப்போகிறான். பிறகு மான்கறியும் தன் மலையில் விளைந்த பொன்னும் கொடுத்து அனுப்புகிறான். கூடவே கொடுத்த மதுவை மட்டும் வகுப்பின் நலன் கருதி நான் தணிக்கை செய்துவிட்டேன்.

"அஞ்சு உசுரை ஒரே அம்புல அடிச்சவருக்கு எதுக்கு வெட்கம்?" என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது: "எங்கப்பாவும் அப்படித்தான் சார். நல்லாப் பாடுவாரு. நல்லாப் பாடுறீங்கன்னு சொன்னா எந்திரிச்சுப் போயிடுவாரு."

உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதினாலும் இதற்கு மேல் என்ன சொல்லிவிட முடியும்? தன் பெயரைக் கேட்டு வெட்கப்படும் தலைவனை இந்தப் பிள்ளைகள் புறநானூற்றில்தான் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு பேனரில் பார்க்க வழியில்லை.

இவ்வளவையும் கெடுக்க இரண்டு சொற்கள் போதும்: "ஆகவே, குழந்தைகளே..." ஒருமுறை கூட வந்திருந்த நண்பர், ஓரி கதை முடிந்த கையோடு எழுந்து இதைச் சொன்னார். ஆகவே குழந்தைகளே, நாமும் அடக்கமாக இருக்க வேண்டும், பெரியோரை மதிக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று ஓரிக்கே தெரியாது. பிள்ளைகள் பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்கள். ஒரே வரியில் கதை மறுபடி மனப்பாடப் பகுதி ஆகிவிட்டது.

குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் 4 முதல் 8 அடிதான். அதற்குள் ஒரு காதல், ஒரு பிரிவு, ஒரு தோழி, அவள் சொல்லும் பொய் எல்லாம் வந்துபோகும். ஒரு புலவராவது கடைசி அடியில் "ஆகவே, குழந்தைகளே" என்று எழுதவில்லை. கேட்கிறவன் மீதியைப் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டார்கள். கதை எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்குப் பிள்ளை பேச இடம் கிடைக்கும். அந்த இடத்தில் நாம் நீதியைக் கொண்டுபோய்ப் போட்டால் பிள்ளை எங்கே உட்காரும்?

இன்று ராத்திரி உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நிமிடக் கதை ஒன்று சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் நீதி தொண்டை வரைக்கும் வரும். அப்போது ஒரு வடையை எடுத்து, குரங்கைப் போலக் கன்னத்தில் அதக்கிக்கொள்ளுங்கள். மீதியைப் பிள்ளை பேசட்டும்.