முருங்கையும் கறிவேப்பிலையும்: அயலார் கோட்பாட்டு நோக்கில் ஓர் ஒப்பாய்வு

வீட்டுத் தோட்டம் குறித்து இதுகாறும் எழுதியவர்கள் எல்லாரும் ஒரு பிழையைத் தவறாமல் செய்திருக்கிறார்கள். செடியை வளர்ப்பவர் வீட்டுக்காரர் என்று நம்பிவிட்டார்கள். மண், எரு, நீர், வெயில் என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறவர்கள் அடுத்த வீட்டுக்காரருக்கு அரைப் பத்தி ஒதுக்கியதில்லை. முருங்கை, கறிவேப்பிலை என்னும் இரண்டையும் முன்வைத்து, கொல்லைச் செடிகளைப் பேணுவதில் அயலார் பங்கே தலையாயது என்று நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம். தரவுகள் மதிற்சுவர் ஓரத்தில் திரட்டப்பட்டவை. தகவலாளிகள் தங்கள் பெயரை வெளியிட விரும்பவில்லை. காரணம் போகப் போகப் புலப்படும்.

முதலில் கறிவேப்பிலை. இது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. நட்டதும் சில காலம் வளர்கிறதா, வெறுமனே நிற்கிறதா என்று தெரியாதபடி நிற்கும். இந்த மந்தத்தை நீக்கும் வழி பற்றி அறிஞரிடையே இரு பள்ளிகள் உண்டு. புளித்த மோரை நீர் விளாவி ஊற்ற வேண்டும் என்பது மோர்ப் பள்ளி. அரிசி களைந்த தண்ணீரே போதும் என்பது கழுநீர்ப் பள்ளி. ஒரே வீட்டில் மாமியார் ஒரு பள்ளியையும் மருமகள் மற்றதையும் சார்ந்திருப்பது உண்டு. அவ்வாறான வீடுகளில் செடிக்கு இரண்டும் கிடைக்கிறது, தண்ணீர் தேங்கி வேரழுகலும் கிடைக்கிறது.

இரு பள்ளியாரும் கவனியாது விட்டது ஒன்று. நுனியைக் கிள்ளினால்தான் கறிவேப்பிலை பக்கக் கிளை விடும். கிள்ளாத செடி ஒற்றைக் குச்சியாக நெடுநெடுவென்று மாடி வரை போய், அங்கே பூத்துக் காய்த்து, கறுத்த பழத்தைக் குருவிக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரருக்கு ஏணியைத் தவிர வேறு வழியில்லாமல் செய்துவிடும். ஆகவே கறிவேப்பிலைக்கு வேண்டியது மோரும் அன்று, கழுநீரும் அன்று, "ஒரு ரெண்டு இணுக்கு பறிச்சுக்கட்டுமாக்கா?" என்று காலை ஏழு மணிக்கு வாசலில் கேட்கும் குரல். கேட்டவர் தெருவில் எவ்வளவு அதிகமோ, செடி அவ்வளவு புதராகும். கஞ்சன் வீட்டுச் செடி உயரமாகவும், கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பவர் வீட்டுச் செடி அகலமாகவும் இருப்பதை ஐயமுள்ளோர் தத்தம் தெருவிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இவ்விடத்து 'இணுக்கு' எனும் அளவையைச் சற்று ஆராய வேண்டும். ரசம் தாளிக்க என்றால் இரண்டு இணுக்கு என்பது இரண்டு இணுக்கேதான். வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தால் அது ஒரு கொத்து. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் ஒரு கிளை. காதுகுத்துக்கு அதே இரண்டு இணுக்கைக் கேட்டுக்கொண்டு ஆள் அரிவாளோடு வருகிறார். நிகழ்ச்சியின் பருமனுக்கு ஏற்ப விரியும் இப்படியொரு அளவை வேறு எந்தத் துறையிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

இச்செடியின் பெயர் வரலாற்றிலும் ஓர் அயலார் உண்டு. தாவரவியலாளர் லின்னேயசின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். டேனிஷ் மிஷனுக்கு மருத்துவர். 1771இல் லின்னேயஸ் இச்செடிக்குப் பெயரிட்டபோது தம் மாணவர் பெயரை அதில் வைத்தார். பின்னால் வந்தவர்கள் முதற்பெயரை 'பெர்கேரா' என்பதிலிருந்து 'முர்ராயா' என்று மாற்றினார்கள், இப்போது மறுபடியும் 'பெர்கேரா'வே சரி என்கிறார்கள். 'கோனிகீ' மட்டும் எல்லா மாற்றங்களிலும் அசையாமல் இருந்துவிட்டது. வெளியூரிலிருந்து குடிவந்த ஒருவர் ஊர்ச் செடியைத் தம் பெயருக்கே எழுதி வாங்கிக்கொண்ட அளவுக்கு எந்த அடுத்த வீட்டுக்காரரும் இதுவரை போனதில்லை. நாள்தோறும் காலையில் தமிழ்நாடெங்கும் அந்த மனிதர் கடுகோடு சேர்ந்து எண்ணெயில் பொரிகிறார் என்பது வேறு விஷயம்.

பூச்சிகளுள் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி கறிவேப்பிலையைத் தேடி வரும். அதன் புழு சிறுவயதில் பறவை எச்சம் போலத் தோற்றம் காட்டி ஏமாற்றும். வளர்ந்தபின் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டி நாற்றம் பரப்பும். கேட்காமல் பறிப்பவர் இது ஒன்றே.

இனி முருங்கை. இதற்குப் பராமரிப்பு என்று தனியாக எழுத வேண்டியதில்லை. ஒரு போத்தை வெட்டி, மேல் முனையில் சாணி அப்பி, குழியில் நட்டுவிட்டு மறந்துபோனால் வளர்ந்துவிடும். தண்ணீர் தேங்கினால் மட்டும் கோபித்துக்கொள்ளும். பொறுமையற்றவர்களுக்காகப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் பி.கே.எம். 1 என்ற ரகத்தை வெளியிட்டது. விதை போட்ட ஆறேழு மாதத்தில் காய்க்கும். பிள்ளையை அடித்து வளர், முருங்கையை ஒடித்து வளர் என்பது பழமொழி. முதற்பாதி இக்காலத்துக்கு ஆகாது. பிற்பாதியை நிறைவேற்றும் பொறுப்பை அடுத்த வீட்டார் ஏற்றிருக்கிறார்கள். மதில் தாண்டிப் போன கிளை எப்போதும் உள்கிளையைவிட நன்றாகக் கவாத்து செய்யப்பட்டிருப்பதைக் காண்க.

'முருங்கை நட்டவன் வெறுங்கையோடு போவான்' என்னும் பழமொழிக்கு இருவகைப் பொருள் சொல்வர். அவன் ஏழையாவான் என்பர் ஒரு சாரார். கீரையும் காயும் தின்று வலுப்பெற்று, முதுமையில் கைத்தடி இல்லாமல் நடப்பான் என்பர் மற்றொரு சாரார். ஊட்டச்சத்துப் பேச்சாளர்களுக்கு இது மிகவும் பிடித்த உரை. இரண்டும் பொருந்தா. காய்த்த காயை எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்தார் பறித்துப் போனபின், தன் மரத்தடிக்குப் போய் நட்டவன் வெறுங்கையோடு திரும்புகிறான் என்பதே நேர்ப்பொருள்.

இதை அரண் செய்ய ஒரு பெருஞ்சான்று உளது. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் வேதாளம் தொங்குவது சிம்சபை மரத்தில். அது ஈட்டியின் உறவான உறுதி மரம் என்பர். ஒரு பிணம் என்ன, ஒன்பது பிணம் தொங்கினாலும் தாங்கும். தமிழில் வரும்போது வேதாளம் முருங்கைக்கு மாறிவிட்டது. ஒரு சிறுவன் ஏறினாலே முறியும் கிளையில் வேதாளத்தை ஏன் தொங்கவிட்டார்கள்? கதையின் நடப்பைப் பாருங்கள். ஒரு மனிதன் இரவில் வருகிறான். மரமேறித் தொங்குவதை இறக்குகிறான். தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. மறுபடியும் வருகிறான். இவ்வளவையும் கேட்ட தமிழனுக்கு வேறு எந்த மரம் நினைவுக்கு வரும்? விக்கிரமாதித்தனே நம் இலக்கியத்தில் பதிவான முதல் அடுத்த வீட்டுக்காரன் என்பது இதனால் பெறப்படும்.

பயன் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கறிவேப்பிலை தாளிக்க, துவையலுக்கு, பொடிக்கு, தலைக்குக் காய்ச்சும் எண்ணெய்க்கு. முருங்கையில் பூ, கீரை, காய் மூன்றும் சமையலுக்கு ஆகும். கலங்கிய நீரைத் தெளிய வைக்க விதை உதவும். வெண்ணெய் உருக்கும்போது ஒரு கொத்து இலை விழும். கீரை உருவுவது மட்டும் பெரும்பாடு. துணியில் சுற்றி இரவு வைத்துவிட்டால் காலையில் இலை தானே உதிரும் என்பதை அறியாத வீடுகளில் இதனாலேயே சண்டை. 1983இல் வந்த 'முந்தானை முடிச்சு' படத்துக்குப் பின் முருங்கைக்காய் வாங்கும் ஆண்களைக் காய்கறிக்காரர் ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கியதும் பயன் என்ற தலைப்பில் அடங்குமா என்பது விவாதத்துக்கு உரியது. சந்தை மதிப்பில் இரண்டும் எதிர்த் துருவங்கள். முருங்கை பொடியாகிப் புட்டியில் அடைபட்டுக் கப்பலேறுகிறது. கறிவேப்பிலை இன்னும் பல கடைகளில் கொசுறு. காசு கொடுத்து வாங்கச் சொன்னால் நம்மவர் கடையையே மாற்றிவிடுவார்கள். உண்டு முடித்த இலையின் ஓரத்தில் மட்டும் இருவரும் சமம்: ஒதுக்கிய கறிவேப்பிலையும் மென்ற சக்கையும் அருகருகே கிடக்கும்.

ஒரு மறுப்பையும் எதிர்கொள்வோம். அயலார் இவ்வளவு நன்மை செய்பவர்களாயின் மழைக்காலத்தில் முருங்கை அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கூட்டம் கூட்டமாக அப்பிக்கொள்ளும்போது எங்கே போகிறார்கள் என்று கேட்கலாம். எங்கும் போவதில்லை. சுவருக்கு அப்பால் நின்று, "உங்க மரத்தால எங்க துணியெல்லாம் பூச்சி" என்கிறார்கள். காய்க்கும்போது அது தெருவின் மரம், பூச்சி பிடித்தால் உங்கள் மரம். அந்த வசவுக்குப் பயந்துதான் வீட்டுக்காரர் பந்தம் கொளுத்திக்கொண்டு வெளியே வருகிறார். எனவே பூச்சிக் கட்டுப்பாட்டையும் அயலார் கணக்கிலேயே வரவு வைக்க வேண்டும்.

முடிபு வருமாறு. ஒரு செடிக்கு மட்டும் இடமுள்ளவர் கறிவேப்பிலை நடுக. வாசலிலிருந்து கை எட்டும் தூரத்தில் நடுக. இரண்டுக்கும் இடமுள்ளவர் முருங்கையை மதிலோரம், துணி காயும் கொடிக்கு எதிர்த்திசையில் நடுக. போத்து வேண்டுவோர் மழைக்கு முன் சொல்லி வைக்கவும். கறிவேப்பிலை வேண்டுவோர் விளக்கு வைப்பதற்கு முன் வரவும். காதுகுத்து என்றால் முதல் நாளே தெரிவிக்கவும், அரிவாள் இங்கேயே இருக்கிறது.