குழிக்குள் ஒரு யோகி, கைக்குள் ஓர் ஊசி

இன்றைக்கு பெங்களூர் நிம்ஹான்ஸ் என்கிறோமே, 1950-களில் அதன் பெயர் அகில இந்திய மனநல நிறுவனம். அங்கே ஒரு குழி தயாரானது. பைப் பதிக்க இல்லை சார், ஒரு யோகியை உள்ளே இறக்க! தலையில் ஈஇஜி ஒயர், நெஞ்சில் ஈசிஜி ஒயர்.

சுமார் 9 மணி நேரம். சமாதி நிலையின் மர்மம் பேப்பரில் கோடாக வந்து விழும் என்று டாக்டர்கள் மேலே காத்திருந்தார்கள். மூளை அலை வந்தது, ரகசியத்தைச் சொன்னது: ஆள் முழித்துக்கொண்டுதான் இருக்கிறார்!

சும்மா சொல்லக்கூடாது, இதயத் துடிப்பு மட்டும் 40-க்கு இறங்குவதும் 100-க்கு ஏறுவதுமாக மாறி மாறி ஆட்டம் காட்டியது. பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டால் நமக்கும் ஏறும். இறங்கத்தான் இறங்காது.

யோகிகளை ஒயரில் மாட்டிப் பார்க்கும் இந்த மோகத்தைக் கிளப்பியவர் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு டாக்டர். 1935-ல் ஈசிஜி பெட்டியோடு இந்தியா வந்தார். மைசூர் அரண்மனை யோகா வாத்தியார் கிருஷ்ணமாச்சாரியார் மூச்சைப் பிடித்தார்; கோடு கிட்டத்தட்ட படுத்தேவிட்டது. 'இதயத்தையே நிறுத்திவிட்டார்' என்று உலகம் வாயைப் பிளந்தது. அத்தனை பிரமிப்பும் ஒரே ஒரு லீடை நம்பி!

1957-ல் வெங்கர், பாக்சி என்று இரண்டு பேர் அமெரிக்காவிலிருந்து கூடுதல் ஒயர்களோடு வந்தார்கள். எழுபதை நெருங்கிய ஆச்சாரியாரிடம் 'இன்னொரு தடவை' என்று கேட்டார்கள். அவர் தயங்கினார். பின்னே? பழைய ஹிட்டை இந்த வயதில் மறுபடி பாடச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

முடிவு: மூச்சை அடக்கி நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். நாடி மங்கும், ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்காது. ஈசிஜியில் மட்டும் இதயம் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும், தசைகளின் மின்சாரச் சத்தத்துக்கு நடுவே. இதயம் நிற்கவில்லை, தசைதான் ஓவர்-ஆக்டிங் செய்தது.

ஆனால் அதே பயணத்தில் ஒரு சாமியார் மண்டையைக் காயவைத்தார். இமயமலைக் குகைக் குளிரில் 'வெயில், வெயில்' என்று நினைத்துப் பழகியவர். உட்கார்ந்த இடத்திலேயே நெற்றியில் வியர்வையை வரவழைத்தார்! சென்னைக்காரனுக்கு இது சித்தி இல்லை, சித்திரை.

இப்படி ஒயரை வெளியே ஒட்டி ஒட்டுக்கேட்டது போதும் என்று, 1960-களின் நடுவில் ஸ்வீடனின் உப்சாலாவில் ஹாக்பார்த், வால்போ என்ற இரண்டு டாக்டர்கள் நரம்புக்குள்ளேயே டங்ஸ்டன் ஊசியை இறக்கினார்கள். யார் கை? அவர்கள் கைதான்! நரம்பு கெட்டுப்போனால் அடுத்தவன் தலையில் விடியக்கூடாதாம். தோலைத் தடவினால் ஸ்பீக்கரில் 'கரகர', தசையை இழுத்தால் 'கரகர'. பின்னாலிருந்து திடீரென்று யாராவது கை தட்டினால் போதும், தோலுக்குப் போகும் நரம்பு அலறும். 'எனக்கெல்லாம் டென்ஷனே கிடையாது' என்று யாரும் அங்கே பீலா விட முடியாது.

ஆச்சாரியாருக்கு வருவோம். நின்றுவிட்டதாகச் சொன்ன அந்த இதயம் ஓடி ஓடி, நூறு வயதைத் தொட்டு, 1989-ல்தான் ஓய்ந்தது. அதுதானே நிஜமான சாதனை? ஆனால் நூறு வருஷம் ஒழுங்காகத் துடிக்கும் இதயத்தைப் பார்க்க எந்த வெள்ளைக்காரர் பெட்டியோடு கப்பலேறி வருவார்?