தம்புரா வரை வெட்டு

மார்கழிக் கச்சேரியைப் படமெடுப்பவருக்கு ஜென்ம விரோதி மைக்தான். பாடகரின் வாயை அது மறைக்காத கோணம் ஒன்று உண்டு. அங்கே சபா செயலாளரின் மைத்துனர் உட்கார்ந்திருப்பார். அதையும் சமாளித்தால் எல்இடி விளக்கு. ஊதாவை அள்ளி ஊற்றி, உருகி உருகிக் காம்போதி பாடுகிறவரைக் கத்தரிக்காயாக்கிவிடும். கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டு 'கலைநயம்' என்று சொல்லித் தப்பிக்கலாம். ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/250 வைத்தாலும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்க விரல்கள் கலங்கித்தான் விழும். போகட்டும், வேகம் தெரிகிறதே! பிறகு வெட்டும் படலம். தம்புரா போடுகிற பெண் முதல் பலி. கடம் பாதிப் பானையாகும். வயலினில் வில் மட்டும் மிஞ்சும். பின்னாலிருக்கும் நகைக்கடை பேனர்மேல் மட்டும் கை வைக்கக் கூடாது. கச்சேரிக்குப் பணம் கொடுத்தவர் அந்தக் கடைக்காரர்.