சாவுக்கு ஒரு கௌரவமான பெயர்

இந்த நாட்டில் யாரும் பசியால் சாவதில்லை. ஆக்சிஜன் கிடைக்காமல் சாவதில்லை. போலீஸ் அடித்துச் சாவதில்லை. கொசு கடித்துக்கூட அவ்வளவாகச் சாவதில்லை. எல்லோருக்கும் ஒரே காரணம்தான். இதயம் நின்றுவிடுகிறது, மூச்சும் நின்றுவிடுகிறது. மருத்துவமனைத் தாளில் அதற்குப் பெயர் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்'.

பெரிய வார்த்தை. படித்தவர் எழுதியது. தாளை வாங்கிய மகன் தலையாட்டிவிட்டு, பிணத்தை ஊருக்குக் கொண்டுபோக வண்டி தேடப் போகிறான்.

அந்த வார்த்தையைச் சற்றுத் தட்டிப் பாருங்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. செத்தவர் எல்லோருக்கும் இதயம் நிற்கும். எல்லோருக்கும் மூச்சு நிற்கும். நிற்காதவரை நாம் எரிப்பதில்லை. 'ஏன் செத்தார்?' என்று கேட்டால் 'உயிர் போனதால்' என்று பதில் வருகிறது. இதைச் சொல்ல எங்கள் தெரு வெட்டியான் போதும். எம்.பி.பி.எஸ். எதற்கு?

இது நம் குதர்க்கம் அல்ல. அரசாங்கமே சொல்கிறது. 1969ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி மருத்துவமனைகள் நிரப்ப வேண்டிய 4ஆம் எண் படிவத்தை எடுத்துப் பாருங்கள். மரணத்துக்குக் காரணமான நோய், காயம் அல்லது சிக்கலை எழுத வேண்டும். இதயச் செயலிழப்பு போன்ற 'இறக்கும் விதத்தை' எழுதக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறார்கள். எழுதாதே என்று அச்சான வரி. அதன் பக்கத்திலேயே, எழுதக் கூடாததைப் பேனாவால் எழுதிய வரி. கீழே கையொப்பம், முத்திரை.

டாக்டருக்குத் தெரியாதா? தெரியும். முதல் வருட மாணவனுக்கும் தெரியும். ஆனால் உண்மையான காரணத்துக்கு இரண்டு வால்கள் உண்டு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு குற்றவாளி வருவார். இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு பில் வரும். 'இதயம் நின்றது' என்ற காரணத்துக்கு வால் கிடையாது. இதயத்தின் மேல் எஃப்.ஐ.ஆர். போட முடியாது. இதயத்திடம் நஷ்டஈடு கேட்க முடியாது.

இரவு மூன்று மணிக்கு, முப்பது மணி நேரமாகத் தூங்காமல் அந்தப் படிவத்தை நிரப்பும் பயிற்சி டாக்டர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு அந்த வார்த்தையைக் கற்றுக்கொடுத்தவர்கள் மாடியில் இருக்கிறார்கள்.

நம் ஊர்க் கொசுவிலிருந்து தொடங்கலாம். அதன் பெயர், குலம், கோத்திரம் எல்லாம் அறிவியலுக்கு மனப்பாடம். ஏடிஸ் எஜிப்டி. நல்ல தண்ணீரில் முட்டையிடும். பகலில் கடிக்கும். அது பரப்பும் வைரஸில் நான்கு வகை. இவ்வளவும் தெரிந்த ஒரு நோயில் செத்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த பெயர் 'மர்மக் காய்ச்சல்'. என்ன மர்மம்? சாக்கடை மர்மமா? தெருவில் கிடந்த டயர் மர்மமா? தனியார் ஆய்வகத்தின் அட்டைச் சோதனையில் டெங்கு என்று வந்தால் செல்லாது; எலிசா சோதனையில் வந்தால்தான் கணக்கு. எலிசா முடிவு வருவதற்குள் குழந்தையைப் புதைத்துவிட்டால்? அதுதான் மர்மம். 2017இல் ஊரெல்லாம் காய்ச்சல் வார்டில் பாயில் படுத்துக் கிடந்தது. அந்த ஆண்டு தமிழ்நாட்டின் டெங்குச் சாவு, அரசுக் கணக்கில் 65. மற்றவர்கள் துப்பறியும் கதையில் செத்தார்கள்.

அடுத்து வந்தது கொரோனா. அதோடு ஒரு புதுச் சொல்லும் வந்தது: இணைநோய். தினசரி அறிக்கையில் செத்தவரின் வயது இருக்கும், சர்க்கரை இருக்கும், பிரஷர் இருக்கும். ஏதோ அந்த மனிதர் முப்பது வருடம் சர்க்கரையோடு நடமாடிவிட்டு, சரியாகக் கொரோனா வந்த வாரத்தில் சர்க்கரையால் சாக முடிவெடுத்த மாதிரி. 2020 ஜூலை 22 அன்று, முன்பே செத்துப் பட்டியலில் விடுபட்டுப்போன 444 பேரை ஒரே நாளில் சேர்த்தது தமிழக அரசு. இந்த 444 பேருக்கும் இணைநோய் ஒன்றுதான். கணக்கெடுப்பு.

குஜராத்தில் இன்னும் பெரிய அற்புதம் நடந்தது. அங்கே அரசு ஒப்புக்கொண்ட கொரோனாச் சாவு பத்தாயிரம் சொச்சம். பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டது. செத்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று முடிவானது. 2022 தொடக்கத்தில் அதே அரசு அனுமதித்த விண்ணப்பங்கள் 68,000க்கும் மேல். நோய் ஒன்றுதான், மாநிலம் ஒன்றுதான். பணம் கொடுக்கச் சொன்னதும் பிணங்கள் ஏழு மடங்கு ஆகிவிட்டன. அந்த ஐம்பத்தெட்டாயிரம் பேரும் அதுவரை எந்தக் கலைச்சொல்லுக்கு அடியில் படுத்திருந்தார்கள்?

ஆக்சிஜன் கதை உங்களுக்கு நினைவிருக்கும். 2021 ஏப்ரலில் சிலிண்டருக்காகத் தெருத்தெருவாக ஓடியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் ஓடியது உடற்பயிற்சிக்காக என்று பிறகுதான் தெரிந்தது. ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் மத்திய அரசு பதில் சொன்னது: ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை. மாநிலம் எழுதவில்லை, ஆகவே மத்திக்குத் தெரியாது. மத்தி கேட்கவில்லை, ஆகவே மாநிலம் எழுதவில்லை. இரண்டு பேரும் யோக்கியர்கள்.

டெல்லி ஜெய்ப்பூர் கோல்டன் மருத்துவமனையில் ஏப்ரல் 23 இரவு இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். ஆக்சிஜன் வரவில்லை என்று மருத்துவமனையே கதறியது. டெல்லி அரசு அமைத்த நிபுணர் குழு கோப்புகளைப் புரட்டியது. பற்றாக்குறையால் இறந்தார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை, சுவாசச் செயலிழப்பால்தான் இறந்தார்கள் என்றது. அதாவது, காற்றில்லாமல் சாகவில்லை. மூச்சுவிட முடியாமல் செத்தார்கள். நிபுணர்கள் அல்லவா? நமக்கு இந்த நுட்பம் புரியாது.

அதே நாடாளுமன்றக் கூட்டத்தொடரில் இன்னொரு மருத்துவ அதிசயமும் அரங்கேறியது. கையால் மலம் அள்ளியதால் ஐந்து ஆண்டுகளில் ஒருவரும் இறக்கவில்லை என்றார் அமைச்சர். ஆனால் 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கிச் செத்தவர்கள் 941 பேர் என்று அதே அரசின் இன்னொரு பதில் சொன்னது. அதில் 213 பேர் நம் தமிழ்நாடு. நாட்டிலேயே முதலிடம், இதற்கு மட்டும் யாரும் போஸ்டர் ஒட்டவில்லை. சட்டப்படி 'மலம் அள்ளுதல்' வேறாம், 'அபாயகரமான துப்புரவு' வேறாம். குழிக்குள் இருந்த வாயுவுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. அந்தச் சாவுக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் வைத்த விலை 10 லட்சம். 2023இல் 30 லட்சம். விலை ஏற ஏற, வார்த்தையைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கல் உடைப்பவருக்கு அந்த அளவுகூட மரியாதை இல்லை. கிரஷர் தூசி நுரையீரலில் படிந்து கல்லாவதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். தொழிலால் வரும் நோய். மருந்து கிடையாது. இந்தப் பெயரை எழுதினால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும், அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும். அதே இருமலுக்கு டி.பி. என்று எழுதினால்? மாத்திரை இலவசம், முதலாளி நிம்மதி. டி.பி. ஏழையின் சொந்தச் சொத்து. அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. சிலிக்கோசிஸ் முதலாளியின் கடன். ஆகவே கல்குவாரிகளைச் சுற்றிலும் டி.பி. வார்டுகள் நிரம்பி வழிகின்றன. மாதக்கணக்கில் மாத்திரை தின்றும் தேறாத நோயாளியிடம், 'ஒழுங்காச் சாப்பிட்டியா?' என்று அதட்டுகிறார்கள். ஏமாற்றப்பட்டவனே குற்றவாளி.

பசிக்கு வருவோம். 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் வீட்டின் ரேஷன் அட்டை ரத்தாகியிருந்தது. சோறு கேட்டுக்கொண்டே செத்தாள் என்றார் தாய். மலேரியா என்றது நிர்வாகம். பட்டினி என்றால் ரேஷன் அட்டையை வெட்டியவர் பதில் சொல்ல வேண்டும். மலேரியா என்றால் கொசு பதில் சொல்லும். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்திலும் மத்திய அரசு இதையே சொன்னது: பட்டினிச் சாவு என்று எந்த மாநிலமும் தெரிவிக்கவில்லை. நீதிபதிகளுக்கே தாங்கவில்லை. நாட்டில் பட்டினிச் சாவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். எடுத்துக்கொள்ளலாம், கனம் நீதிபதி அவர்களே. எடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

கடைசியாகச் சாத்தான்குளம். 2020 ஜூன். கடையை நேரத்துக்கு மூடவில்லை என்று போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். மகனுக்கு மூச்சுத்திணறல், தந்தைக்கு உடல்நலக்குறைவு என்றது அரசின் முதல் விளக்கம். தரையில் உருண்டதில் உள்காயம் என்றது போலீஸின் எஃப்.ஐ.ஆர். சிறைக்கு அனுப்பும் முன் இருவரும் நல்ல உடல்நிலையில் இருப்பதாகச் சான்று கொடுத்ததும் ஓர் அரசு மருத்துவமனைதான். பின்னால் சி.பி.ஐ. போட்டது கொலை வழக்கு. ஊர் கொதிக்காமல் இருந்திருந்தால், தரை அவர்களைக் கொன்றதாகத்தான் இன்றும் ஆவணம் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒரு காலத்தில் நோயை அறியத்தான் இந்தச் சொற்களை உண்டாக்கினார்கள். ஒரு சாவின் காரணம் சரியாகப் பதிவானால் அடுத்த பத்துச் சாவைத் தடுக்கலாம் என்பதே அந்தப் படிவத்தின் நோக்கம். எந்த ஊரில் காலரா, எந்த ஆலையில் நஞ்சு, எந்த மருத்துவமனையில் பிரசவத்தில் தாய்மார் சாகிறார்கள் என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தாளைத்தான் நாம் பாவமன்னிப்புச் சீட்டாக மாற்றி வைத்திருக்கிறோம். அதிலும் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி பதிவான சாவுகளில் மருத்துவச் சான்று பெற்றவை நூற்றுக்கு 22.5. மிச்சம் உள்ளவர்களுக்குப் பொய் சொல்லக்கூட ஆள் இல்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. 2023 அக்டோபர் முதல் எல்லா மருத்துவமனைகளும் மரணக் காரணச் சான்றைக் கட்டாயம் தர வேண்டும். நெருங்கிய உறவினருக்கும் ஒரு நகல் உண்டு. வெளிப்படைத்தன்மை! இத்தனை காலம் அந்தப் பொய் கோப்புக்குள் பூட்டிக் கிடந்தது. இனி அது இலவசமாக வீடு தேடி வரும். ஆங்கிலத்தில்.