சீல் வைத்தலும் சீல் குத்தலும்: தாம்பரம் வழக்கு குறித்த ஓர் ஆய்வு

தாம்பரம் வட்டாரத்தில் அன்றாடம் புழங்கியும் இலக்கணிகள் கண்ணில் இன்னும் படாத சொல் 'சீல்'. தனியே நின்றால் அது பரம சாது. பின்னால் வந்து சேரும் வினைதான் அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. குத்தினால் நம் வேலை நடக்கும். வைத்தால் நம் பிழைப்பு நிற்கும். மனுவில் ஒரு சீல் விழவேண்டுமென்று அலைந்தவர்களும், ஷட்டரில் ஒரு சீல் விழக்கூடாதென்று அலைந்தவர்களும் இந்த வேறுபாட்டைத் தொல்காப்பியம் படிக்காமலே அறிவர். தண்ணீர் கேன் வழக்கு தனி: அதில் சீல் இல்லாவிட்டால்தான் சண்டை.

சொல் லத்தீனில் பிறந்து ஆங்கிலம் வழியாக வந்தது. வழக்கமோ நம்முடையது. அகநானூற்றின் 77ஆம் பாட்டில், ஓலைக் குடத்தின் மேலிட்ட பொறியை, அதாவது முத்திரையை, சரிபார்த்து உடைத்து, உள்ளிருக்கும் ஓலையை உருவும் அதிகாரிகள் வருகிறார்கள். எதற்கு உவமையாக? பிணத்தின் குடலை இழுக்கும் கழுகுக்கு. அலுவலர்களைப் பற்றிய தமிழரின் கருத்து அன்றைக்கே முதிர்ந்துவிட்டது என்பது இதனால் பெறப்படும்.

சீலைப் பறிமுதலோடு குழப்புவோர் உளர். 2024 ஏப்ரல் 6 இரவு, தாம்பரம் ரயில் நிலையத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் இருந்து தேர்தல் பறக்கும் படை கிட்டத்தட்ட 4 கோடி ரூபாயை எடுத்துச் சென்றதே, அது பறிமுதல். அதில் பொருள் போய்விடும். சீலில் பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். உடையவன்தான் வெளியே நிற்பான். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி விதிமீறிய கட்டடங்களுக்கு வைப்பது இந்த வகை.

இவ்விதியை 2020இன் கொரோனா தலைகீழாக்கியது. தெருமுனையில் தகரம் அடித்தார்கள். உடையவன் உள்ளே, ஊர் வெளியே. "எங்க தெருவுக்கு சீல் வெச்சுட்டாங்க சார்" என்றவர் அதுவரை வரி பாக்கியே வைத்திராதவராகவும் இருந்தார். பூட்டி வைப்பதும் ஒதுக்கி வைப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியது அப்போதுதான்.

ஒதுக்கி வைத்தல் இவ்வூருக்குப் புதிதன்று. 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்கென இங்கே சானடோரியம் தொடங்கினார். நகரத்திலிருந்து தள்ளி, நல்ல காற்று வருமிடம். பிறகு ஊர் அதைச் சுற்றியே வளர்ந்து, ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயரே வாய்த்தது. இன்று "சானடோரியத்துல இறங்கணும், வழி விடுங்க" என்று ஒருவர் உரக்கச் சொன்னால் மின்சார ரயிலில் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. சொல்லுக்கு வைத்த சீலைப் பயணிகளே உடைத்துவிட்டார்கள் என்பது என் துணிபு. மறுப்போர் மாலை ஆறு மணி ரயிலில் ஏறிப் பார்க்கலாம்.

2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனபின், அனகாபுத்தூர்க்காரருக்கும் மாடம்பாக்கத்துக்காரருக்கும் சீல் வைக்கும் கை ஒன்றே. ஆகையால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரி பாக்கிக்காக ஷட்டரில் சீல் விழாதிருக்க, சொத்து வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிடுங்கள். அரையாண்டின் முதல் முப்பது நாளுக்குள் கட்டுவோருக்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு.