காதுக்கு இதமாக மோர்ஸ்

கே: மாலையில் 7 மெகாஹெர்ட்ஸில் அரை மணி நேரம் சி.டபிள்யூ. (மோர்ஸ்) கேட்டாலே தலை வலிக்கிறது. மோர்ஸ் எனக்கு ஒத்துவராதோ?

ப: மோர்ஸ் மீது பழி போடாதீர்கள். உங்களைப் படுத்துவது எழுத்துகளுக்கு நடுவே வரும் இரைச்சல்தான். ஆர்.எஃப். கெயினை முழுக்கத் திறந்துவிட்டு வால்யூமைக் குறைத்துக் கேட்கிறீர்கள் அல்லவா? அப்படியே மாற்றிச் செய்யுங்கள். வால்யூமைத் தாராளமாக வைத்து, ஆர்.எஃப். கெயினை மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இரைச்சல் பின்வாங்கி, எதிர்முனையின் தொனி மட்டும் மேலே நிற்கும் இடம் ஒன்று வரும். அங்கே கையை எடுத்துவிடுங்கள்.

காரணம் ஏ.ஜி.சி. என்ற தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு. சிக்னல் வந்தால் அது ரிசீவரின் பெருக்கத்தைக் குறைக்கும். சிக்னல் நின்றால் உயர்த்தும். அதனால் ஒவ்வோர் இடைவெளியிலும் இரைச்சல் உலைநீர் போலப் பொங்குகிறது. கெயினைக் குறைத்துவிட்டால் பொங்க வழியில்லை. ரிசீவரில் ஒரே ஒரு குமிழைத்தான் திருகலாம் என்றால், நான் இதைத்தான் திருகுவேன்.

கே: அப்படிக் குறைத்தால் எஸ் மீட்டர் முள் ஏறி நிற்கிறதே, பழுதா?

ப: இல்லை. பல ரிசீவர்களில் கெயினைக் குறைத்த அளவையும் அதே முள்தான் காட்டும். ரிப்போர்ட் கொடுக்கும்போது காதை நம்புங்கள்.

கே: ஏ.ஜி.சி.யை அணைத்தே விடலாமா?

ப: கெயின் குமிழில் கை இருந்தால் தாராளமாக. ஆனால் ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும்போது பக்கத்து ஊர் ஹாம் ரேடியோக்காரர் திடீரென்று கீ போட்டால் செவிப்பறைக்கு ஆபத்து. பழகும்வரை ‘ஃபாஸ்ட்’டில் வையுங்கள்.

கே: 50 ஹெர்ட்ஸ் ஃபில்டர் இருக்கிறது. எப்போதும் அதையே போடலாமே?

ப: வேண்டாம். பேச்சுக்கான 2,400 ஹெர்ட்ஸிலிருந்து 500-க்கு வந்தாலே இரைச்சல் ஏறக்குறைய 7 டெசிபல் குறைந்துவிடுகிறது. 240-க்கு வந்தால் 10. அதற்கும் கீழே போனால் ஃபில்டரே மணி போல ஒலிக்கத் தொடங்கும். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 60 மில்லிசெகண்ட். 50 ஹெர்ட்ஸ் ஃபில்டர் எழுந்து அடங்கவே சுமார் 20 மில்லிசெகண்ட் பிடிக்கும். புள்ளியின் விளிம்பு மழுங்கிப் பக்கத்துப் புள்ளியோடு ஒட்டிக்கொள்கிறது. தேடும்போது 500, நெரிசலில் 250, வேறு வழியே இல்லாதபோது மட்டும் 50.

கே: ப்ரீஆம்ப்?

ப: ஆன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால், நீங்கள் கேட்டது வானத்தின் இரைச்சல். ப்ரீஆம்ப் அதையும் சேர்த்தே பெருக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் அட்டென்யுவேட்டர்தான் உதவும்.

கே: நாய்ஸ் பிளாங்கர்?

ப: ஸ்கூட்டர் ஸ்பார்க் பிளக்கின் படபடப்புக்கு நல்ல மருந்து. இடிமின்னலின் நீண்ட கரகரப்புக்கு இல்லை. வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். பலமான நிலையங்கள் அருகில் இருந்தால் அது சிக்னலையே சிதைக்கும்.

கே: எல்லாரும் 700 ஹெர்ட்ஸ் தொனி என்கிறார்கள். எனக்குக் கீச்சென்று இருக்கிறது.

ப: இறக்குங்கள், 500-க்கு. காது வித்தியாசத்தை விகிதத்தில்தான் அறியும். 50 ஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும் இரு நிலையங்களின் வேறுபாடு, 1,000-இல் 5 சதவீதம்; 500-இல் 10. கூட்டத்தில் உங்கள் ஆளைப் பிரித்தெடுப்பது எளிதாகும். கீ போடும்போது உங்களுக்கே கேட்கும் சைடுடோனும் அதே அளவுக்கு வரவேண்டும். பல டிரான்ஸீவர்களில் இரண்டும் சேர்ந்தே நகரும். இல்லையென்றால் நீங்களே மாற்றுங்கள். ரிசீவரை மட்டும் நகர்த்தும் ஆர்.ஐ.டி.யை அணைத்து, அவர் தொனி உங்கள் சைடுடோனோடு ஒன்றும்வரை டியூன் செய்த பிறகு அழையுங்கள். குறுகிய ஃபில்டர் போட்டிருப்பவர் காதிலும் சரியாக விழுவீர்கள்.