மலையேறிய கம்பெனி

கே: கம்ப்யூட்டர் விளையாட்டு வெளியிடும் கம்பெனி தொடங்க, மலையைவிட்டு இறங்கித்தான் ஆகவேண்டுமா?
— ஒரு வாசகர், இத்தலார்

ப: தேயிலைத் தூளைப் பொட்டலம் கட்டி ஊரெங்கும் அனுப்பும் நீங்களா இதைக் கேட்பது? 1980-ஆம் ஆண்டில், ராபர்ட்டா வில்லியம்ஸ் என்னும் மாது சமையலறை மேஜையருகே அமர்ந்து கதை புனைய, அவர் கணவர் கென் ஆப்பிள்-2 கம்ப்யூட்டருக்கேற்ப அதை நிரலாக்க, 'மிஸ்டரி ஹவுஸ்' என்ற அந்த விளையாட்டு, பண்டம் போட்டுவைக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு வட்டாக அடைபட்டு விலைக்கு வந்தது. கையில் சிறிது தனம் சேர்ந்ததும் அத்தம்பதிகள் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்திலிருந்து சியரா நெவாடா மலைப்பக்கம் குடிபெயர்ந்து, அம்மலையின் நாமத்தையே ஸ்தாபனத்துக்கும் சூட்டிவிட்டார்கள். 'சியரா ஆன்-லைன்' தன் தலைமை அலுவலகத்தைப் பட்டணத்துப் பக்கம் மாற்றியது 1993-இல்தான்.